ஊசி போடும் கை நடுங்கலாமா?

கொள்ளை நோய்க் காலத்தில் டாக்டருக்கும் நர்சுக்கும் சட்டம் பிடிக்கும் குடை

புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது இடையஞ்சாவடி. ஆரோவில்லை ஒட்டிய ஊர். செம்மண் பூமி. முந்திரித் தோப்புகள். கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல். கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே போனால் மரக்காணம். அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை உப்பளங்கள்.

இந்தக் கடற்கரையில் நடக்கக் கூடிய ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள்.

கொள்ளை நோய் பரவும் காலம். காலை வெயில் ஏறிவிட்டது. தோளில் குளிர்ப் பெட்டியோடு வருகிறார் கிராமத்து நர்சு. பள்ளிக்கூடத் திண்ணையில் மேஜை போட்டாகிவிட்டது. ஆனால் ஊசி போட ஆள் வரவில்லை. மரத்தடியில் நாலைந்து பேர் நிற்கிறார்கள். யாரும் முன்னே வரவில்லை.

வயதான ஓர் அம்மாள் மட்டும் வருகிறார். உப்பளத்திலே உழைத்து உழைத்துக் கால் வெடித்துப் போனவர்.

"நர்சம்மா, ஒன்று கேட்கிறேன். கோவித்துக்கொள்ளாதே. ஊசி போட்டு எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?"

நர்சு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொல்கிறார்:

"அதே கேள்விதான் ஆயா எனக்கும். உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னை ஊர் விடுமா? கோர்ட்டு விடுமா?"

கேள்வி ஒன்றுதான். பயப்படுகிறவர்கள் இரண்டு பேர்.

ஊசி போட்டுக்கொள்கிறவருக்கும் பயம். ஊசி போடுகிறவருக்கும் பயம். இரண்டு பேரும் பயந்தால் லாபம் யாருக்கு? நோய்க்குத்தான்!

இந்தப் பயத்தைப் போக்கச் சட்டம் என்ன செய்திருக்கிறது? டாக்டர் மீதும் நர்சு மீதும் கேஸ் போட முடியுமா, முடியாதா? தவறு நடந்தால் ஏழைக்கு வழி உண்டா? இவை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள்.

4 பிரிவில் ஒரு சட்டம்

1896-ம் ஆண்டு. பம்பாய் நகரில் பிளேக் நோய் புகுந்தது. ஜனங்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். பயந்தவர்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு ஓடினார்கள்.

வெள்ளைக்கார சர்க்கார் அவசரம் அவசரமாக ஒரு சட்டம் போட்டது. 1897-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி அது சட்டம் ஆயிற்று. பெயர், தொற்றுநோய்கள் சட்டம். மிகச் சிறிய சட்டம். மொத்தம் 4 பிரிவுகள்தான்.

நோயைத் தடுக்க எந்த உத்தரவும் போடலாம் என்று ஒரு பிரிவு சொன்னது. உத்தரவை மீறினால் தண்டனை என்று இன்னொரு பிரிவு சொன்னது.

கடைசிப் பிரிவு ஒரே ஒரு வாக்கியம். அதன் கருத்து இதுதான்: இந்தச் சட்டப்படி நல்லெண்ணத்தோடு செய்த காரியத்துக்காகவும், செய்ய முனைந்த காரியத்துக்காகவும், யார் மீதும் வழக்குத் தொடர முடியாது.

அந்த ஒரு வாக்கியம்தான் குடை. 120 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. குடை இன்னும் மடக்கப்படவில்லை. 2020-ம் ஆண்டு கொரோனா வந்தபோது தமிழ்நாட்டு அரசு இதே சட்டத்தின்படிதான் மார்ச் மாதத்தில் விதிமுறைகள் வெளியிட்டது.

குடை ஏன் வேண்டும்? காரணம் இருக்கிறது.

மற்ற நாளில் டாக்டருக்கு நேரம் இருக்கிறது. நோயாளியை நிதானமாகப் பார்க்கலாம். சோதனை செய்யலாம். பெரிய டாக்டரைக் கேட்கலாம். கொள்ளை நோய்க் காலத்தில் அது முடியாது. ஒரு கட்டிலுக்கு நாலு பேர் காத்திருப்பார்கள். மருந்து புதிது. நோயும் புதிது. கண் டாக்டர் காய்ச்சல் வார்டு பார்க்க வேண்டி வரும். அந்த நேரத்தில், 'நாளைக்கு என் மீது கேஸ் வருமோ?' என்று அவர் கை நடுங்கினால் நோயாளி பிழைப்பது எப்படி?

புனாவில் பாய்ந்த குண்டு

ஆனால் அதே 1897-ம் ஆண்டில் இன்னொரு பாடமும் கிடைத்தது.

புனா நகரில் பிளேக் தடுப்பு வேலைக்குத் தலைமை வகித்தவர் ராண்டு என்ற வெள்ளைக்கார அதிகாரி. அவர் பட்டாளத்தை இறக்கினார். சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனை போட்டார்கள். பூஜை அறையிலும் சமையல் கட்டிலும் நுழைந்தார்கள் என்று ஜனங்கள் குமுறினார்கள். பெண்களுக்கு அவமானம் என்று கொதித்தார்கள்.

முறையிட்டுப் பார்த்தும் ஆத்திரம் தணியவில்லை. ஜூன் 22-ந் தேதி இரவு. விக்டோரியா ராணியின் வைர விழா கொண்டாட்டம். விருந்து முடிந்து வந்த ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். உடன் வந்த அயர்ஸ்டு என்ற ராணுவ அதிகாரி அன்று இரவே இறந்தார். ராண்டு சில நாளில் இறந்தார். சாபேகர் சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். பத்திரிகையில் எழுதியதற்காகத் திலகர் ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு ஜெயிலுக்குப் போனார்.

நோயைத் தடுக்க வந்த அதிகாரி உயிரை இழந்தார். ஏன்? கேள்வி கேட்க முடியாத அதிகாரத்தை ஜனங்கள் நம்பமாட்டார்கள். குடை வேண்டும்தான். ஆனால் குடைக்குள் இருப்பவர் முகம் வெளியே தெரிய வேண்டும்.

19 உயிர்களும் ஒரு புட்டியும்

குடை இருந்தும் நனைந்த ஒருவரின் கதை இது.

ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி. ருஷிய சாம்ராஜ்யத்தில் ஒடெசா நகரில் பிறந்தவர். காலராவுக்குத் தடுப்பு ஊசி கண்டுபிடித்து, 1893-ல் இந்தியாவுக்கு வந்தார். பம்பாயில் பிளேக் பரவியதும் இரவு பகலாக உழைத்து அதற்கும் மருந்து தயாரித்தார். 1897 ஜனவரி 10-ந் தேதி அந்த மருந்தை முதலில் யாருக்குப் போட்டார் தெரியுமா? தனக்கே போட்டுக்கொண்டார்!

லட்சக் கணக்கானவர்களுக்கு அந்த ஊசி போடப்பட்டது. பல உயிர்கள் பிழைத்தன.

1902 அக்டோபர் 30-ந் தேதி. பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமம். அன்று அங்கே 107 பேருக்கு ஊசி போட்டார்கள். ஒரு வாரம் சென்றது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் 19 பேருக்குத் தாடை இறுகியது. உடம்பு வில்லாக வளைந்தது. அது பிளேக் அல்ல. ரண ஜன்னி! 19 பேரும் இறந்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் ஒரே புட்டியிலிருந்து மருந்து எடுத்திருந்தார்கள்.

பழி யார் மீது? பம்பாயில் மருந்து தயாரித்த ஹாஃப்கின் மீது!

மருந்து தயாரிக்கும் முறையை மாற்றியதுதான் காரணம் என்றார்கள். விசாரணைக் கமிஷன் அவருக்கு எதிராக எழுதியது. வேலையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். மனம் நொந்து இந்தியாவை விட்டுப் போனார்.

ஆனால் உண்மை வேறு. கிராமத்தில் புட்டியைத் திறந்தபோது இடுக்கி ஒன்று தரையில் விழுந்தது. அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் உபயோகித்திருக்கிறார்கள். மண்ணில் ரண ஜன்னிக் கிருமி இருக்கும். இன்னொரு தடயமும் இருந்தது. மருந்து புட்டியில் அடைக்கப்பட்டுப் பல நாள் ஆகியிருந்தது. பம்பாயிலேயே கிருமி புகுந்திருந்தால் திறந்த உடனே துர்நாற்றம் அடித்திருக்கும். புட்டியைத் திறந்தபோது அப்படி எந்த நாற்றமும் இல்லை.

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று நிரூபித்த ரொனால்டு ராஸ் அவருக்காக வாதாடினார். வேறு விஞ்ஞானிகளும் சேர்ந்து 1907-ல் லண்டன் பத்திரிகையில் கடிதம் எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் பழி நீங்கியது. அவர் திரும்பவும் இந்தியாவில் வேலைக்கு அழைக்கப்பட்டார். பம்பாயில் அவர் நிறுவிய ஆராய்ச்சிச் சாலைக்கு 1925-ல் அவர் பெயரே வைக்கப்பட்டது.

பழி நீங்க 5 ஆண்டு! அந்த 5 ஆண்டும் ஒரு பெரிய மேதையின் உழைப்பு வீணாயிற்று.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. தவறு எங்கோ நடந்தது. பழி வேறெங்கோ விழுந்தது. நிதானமாக, நியாயமாக விசாரித்தால் உண்மை வரும். அவசரப்பட்டால் நிரபராதி தண்டனை அடைவார். இறந்த 19 பேரின் குடும்பத்துக்கும் அதனால் ஒரு நன்மையும் இல்லை.

நல்லெண்ணம் என்றால் என்ன?

சட்டம் 'நல்லெண்ணம்' என்கிறது. அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

நமது சட்டப் புத்தகங்களில் இதற்கு இரண்டு அளவுகோல் உண்டு.

ஒன்று, குற்றத் தண்டனைச் சட்டத்தில் இருக்கிறது. தகுந்த கவனமும் எச்சரிக்கையும் இல்லாமல் செய்த காரியத்தை நல்லெண்ணத்தோடு செய்தது என்று சொல்ல முடியாது என்கிறது அது. 1860-ம் ஆண்டின் பழைய தண்டனைச் சட்டத்திலும் இப்படித்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இப்படித்தான்.

இன்னொன்று, சட்டச் சொற்களுக்கு விளக்கம் தருவதற்கென்றே 1897-ல் செய்யப்பட்ட பொதுச் சட்டத்தில் இருக்கிறது. மனச்சாட்சியோடு நேர்மையாகச் செய்திருந்தால் போதும். அதில் கவனக் குறைவு இருந்தாலும் நல்லெண்ணமே என்கிறது அது.

ஆகவே எந்த வழக்கில் எந்த அளவுகோல் என்பதில் வக்கீல்கள் வாதாட இடம் இருக்கிறது. ஆனால் ஒன்று நிச்சயம். தெரிந்தே கேடு செய்தவருக்கு எந்தக் குடையும் இல்லை.

இடையஞ்சாவடி நர்சுக்கே வருவோம். இரண்டு விதமாக நினைத்துப் பாருங்கள்.

முதல் விதம்: நர்சு பெட்டியின் குளிர் அளவைப் பார்க்கிறார். புட்டியின் தேதியைப் பார்க்கிறார். "ஆயா, முன்னால் ஏதாவது ஊசி ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா?" என்று கேட்கிறார். புது ஊசியால் மருந்து ஏற்றுகிறார். அரை மணி நேரம் உட்கார வைக்கிறார். அப்படியும் அம்மாளுக்கு மயக்கம் வந்துவிடுகிறது. கையில் இருக்கும் மாற்று மருந்தைக் கொடுத்து, 108 ஆம்புலன்சை அழைக்கிறார். இவர் மீது குற்றம் சொல்ல முடியாது. குடை இவருக்காகத்தான்.

இரண்டாம் விதம்: திறந்த புட்டி மணிக்கணக்கில் வெயிலில் கிடக்கிறது. தேதி பார்க்கவில்லை. ஒருவருக்குக் குத்திய ஊசியே அடுத்தவருக்கும். இதை நல்லெண்ணம் என்று சொன்னால் யார் ஏற்பார்கள்? இங்கே குடைக்குள் இடம் கேட்பது கஷ்டம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1897-ம் ஆண்டுச் சட்டத்தின் குடை அந்தச் சட்டப்படி செய்த காரியத்துக்கு மட்டும்தான். கொள்ளை நோய்க் காலம் என்பதற்காக, சம்பந்தமே இல்லாத வேறொரு ஆபரேஷனில் நடந்த தவறை அதற்குள் கொண்டுவர முடியாது.

காலி சிலிண்டர் வழக்கு

சாதாரண நாளிலும் டாக்டர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. அதற்குக் காரணம் ஒரு வழக்கு.

1995-ம் ஆண்டு. பஞ்சாபில் ஓர் ஆஸ்பத்திரி. முதியவர் ஒருவருக்கு மூச்சுத் திணறல். ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுவந்தார்கள். திறந்து பார்த்தால் காலி! வேறு சிலிண்டர் வருவதற்குள் அவர் இறந்துவிட்டார். மகன் போலீசில் புகார் செய்தார். டாக்டர்கள் மீது கிரிமினல் வழக்கு வந்தது.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2005 ஆகஸ்டு 5-ந் தேதி 3 நீதிபதிகள் தீர்ப்புக் கூறினார்கள். ஜேக்கப் மாத்யூ வழக்கு என்று அதற்குப் பெயர். டாக்டர்கள் மீதான கிரிமினல் வழக்கு ரத்து ஆயிற்று. நஷ்டஈடு கேட்பது வேறு, ஜெயிலுக்கு அனுப்புவது வேறு என்று கோர்ட்டு பிரித்துக் காட்டியது.

தீர்ப்பின் சாரம் இது:

சின்னத் தவறுக்கு ஜெயில் இல்லை. படுமோசமான அலட்சியமாக இருந்தால்தான் கிரிமினல் குற்றம்.

போலீசார் நடவடிக்கை எடுப்பதற்கு முன்பு, சம்பந்தப்படாத வேறு டாக்டரின் கருத்தைக் கேட்க வேண்டும். முடிந்தவரை அவர் அரசாங்க டாக்டராக இருக்க வேண்டும்.

புகார் வந்துவிட்டது என்பதற்காக டாக்டரைக் கைது செய்துவிடக் கூடாது.

அந்தத் தொழிலில் சாதாரணத் திறமை உள்ள ஒருவர் அந்த நிலைமையில் என்ன செய்திருப்பார் என்று பார்க்க வேண்டும். எல்லாரும் மேதையாக இருக்க முடியாது.

'அந்த நிலைமையில்' என்ற சொல் முக்கியம். கொள்ளை நோய்க் காலத்து வார்டை மற்ற நாளின் அமைதியான வார்டோடு ஒப்பிடக் கூடாது.

புதிய தண்டனைச் சட்டத்திலும் டாக்டர்களுக்குச் சலுகை உண்டு. அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தால் மற்றவர்களுக்கு 5 ஆண்டு வரை ஜெயில். வைத்தியம் செய்யும்போது அப்படி நேர்ந்தால் டாக்டருக்கு 2 ஆண்டு வரைதான். ஆனால் இது பதிவு பெற்ற டாக்டருக்கு மட்டும். நர்சின் பெயர் அதில் இல்லை! வெயிலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக வருகிறவருக்குக் குடை கொஞ்சம் சிறியதாகவே இருக்கிறது.

கல்லறையில் கல் மழை

கோர்ட்டு விட்டாலும் கூட்டம் விடாது. அதையும் தமிழ்நாடு பார்த்தது.

2020 ஏப்ரல் 19-ந் தேதி. சென்னையில் மூளை நரம்பு அறுவை நிபுணர் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவுக்குப் பலியானார். அவருக்கு வயது 55.

உடலை அடக்கம் செய்யக் கீழ்ப்பாக்கம் கல்லறைக்குக் கொண்டுபோக ஏற்பாடு. அங்கே கூட்டம் கூடியது. 'கொரோனா பரவும்' என்று எதிர்ப்பு. அங்கிருந்து அண்ணாநகர் பக்கம் வேலங்காடு மயானத்துக்குப் போனார்கள். குழி தோண்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கூட்டம் பாய்ந்தது. கல், கம்பு, கட்டை! ஆம்புலன்சின் கண்ணாடி நொறுங்கியது. ஊழியர்களின் மண்டை உடைந்தது. டாக்டரின் மனைவியும் மகனும் உயிருக்குப் பயந்து அங்கிருந்து போக வேண்டியதாயிற்று.

நள்ளிரவில் ஒருவர் திரும்பி வந்தார். அவரும் டாக்டர்தான். நண்பர் பிரதீப் குமார். ஆம்புலன்சை அவரே ஓட்டினார். ஆஸ்பத்திரி ஊழியர்கள் இருவர் துணை. போலீஸ் காவல். மண்வெட்டியால் மண் அள்ளிப் போட்டு நண்பரை அடக்கம் செய்தார்.

எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய டாக்டருக்கு ஆறடி மண் கிடைக்க இந்தப் பாடு!

செய்தி கேட்டு நாடே தலை குனிந்தது. பலர் கைதானார்கள். வேறு மாநிலங்களிலும் டாக்டர்களும் சுகாதார ஊழியர்களும் தாக்கப்பட்ட செய்திகள் வந்துகொண்டிருந்தன.

3 நாளில் வந்த சட்டம்

ஏப்ரல் 22-ந் தேதி மத்திய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. செப்டம்பரில் பார்லிமெண்டு அதை நிறைவேற்றியது. 1897-ம் ஆண்டின் சின்னச் சட்டத்தில் புதிய பிரிவுகள் சேர்ந்தன. கோர்ட்டிலிருந்து காக்கும் குடை முன்பே இருந்தது. கல்லிலிருந்து காக்கும் குடை இப்போது வந்தது.

தொற்று நோய்க் காலத்தில் டாக்டர், நர்சு, மருத்துவ உதவியாளர், கிராம சுகாதார ஊழியர் யாரைத் தாக்கினாலும் 3 மாதம் முதல் 5 ஆண்டு வரை ஜெயில். ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம்.

பலத்த காயம் உண்டாக்கினால் 6 மாதம் முதல் 7 ஆண்டு வரை ஜெயில். ரூ.1 லட்சம் முதல் ரூ.5 லட்சம் வரை அபராதம்.

சுலபத்தில் ஜாமீன் கிடைக்காது. இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி 30 நாளில் புலன் விசாரணையை முடிக்க வேண்டும். 1 ஆண்டுக்குள் வழக்கை முடிக்கக் கோர்ட்டு முயல வேண்டும்.

ஆஸ்பத்திரிப் பொருளையோ ஆம்புலன்சையோ உடைத்தால் சந்தை விலையைப் போல் இரண்டு மடங்கு கட்ட வேண்டும்.

அடிப்பது மட்டும் குற்றம் அல்ல. சுகாதார ஊழியரை நிம்மதியாக வசிக்க விடாமல், வேலை செய்ய விடாமல் தொல்லை கொடுப்பதும் குற்றம். 'நீ நோய் வார்டில் வேலை செய்கிறாய், வீட்டைக் காலி செய்' என்று துரத்தும் வீட்டுக்காரரும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு அரசும் அதே ஏப்ரலில் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அரசு அறிவித்த தொற்று நோயால் இறந்தவரின் அடக்கத்தைத் தடுப்பவர்களுக்கு ஜெயில் தண்டனை என்றது. 1939-ல் சென்னை மாகாணத்தில் பிறந்த சட்டம் அது.

குடை பெரிதானால்?

அப்படியானால் குடையை எவ்வளவு பெரிதாக்கினாலும் நல்லதுதானா? இல்லை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் அனுபவித்துத் தெரிந்துகொண்டது.

2020 ஏப்ரலில் அங்கே ஒரு சட்டம் வந்தது. கொரோனாக் காலத்தில் ஆஸ்பத்திரிகள் மீதும், முதியோர் இல்லங்கள் மீதும் நஷ்டஈட்டு வழக்குப் போடுவதை அது பெரும்பாலும் தடுத்தது. முதியோர் இல்லங்களில் ஆயிரக் கணக்கில் வயோதிகர்கள் இறந்தார்கள். 'எங்கள் தாய் எப்படி இறந்தாள் என்று கேட்கக் கூட முடியவில்லையே' என்று குடும்பங்கள் கதறின. சில மாதங்களில் சட்டத்தைச் சுருக்கினார்கள். 2021 ஏப்ரலில் அதை முழுவதும் ரத்து செய்தார்கள். ஒரே ஆண்டில் குடை மடங்கியது.

இங்கிலாந்து வேறு வழி பார்த்தது. 2020-ம் ஆண்டுக் கொரோனாச் சட்டத்தில், கொரோனா வேலையில் தவறு நேர்ந்து, வேறு இன்சூரன்சும் இல்லை என்றால், நஷ்டஈட்டை அரசாங்கமே ஏற்க வழி செய்தது. டாக்டர் சொத்தை விற்க வேண்டாம். நோயாளியும் வெறுங்கையோடு போக வேண்டாம். தடுப்பு ஊசியால் கடுமையாக ஊனம் அடைந்தவர்களுக்கு, யார் குற்றம் என்று கேட்காமலே பணம் கொடுக்கும் சட்டம் அங்கே 1979 முதல் இருக்கிறது.

இந்தியாவில் 2020-ல் கொரோனா வேலையில் உயிர் இழக்கும் சுகாதார ஊழியர்களின் குடும்பத்துக்கு ரூ.50 லட்சம் இன்சூரன்ஸ் அறிவிக்கப்பட்டது. அது நல்ல காரியம். ஆனால் ஊசியால் பாதிக்கப்பட்டதாகச் சொன்ன குடும்பங்களுக்கு? 2022-ல் சுப்ரீம் கோர்ட்டில் மத்திய அரசு பதில் மனு தாக்கல் செய்தது. நஷ்டஈடு வேண்டுமானால் சிவில் கோர்ட்டு அல்லது நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்று அதில் சொன்னது. உப்பளத்தில் தினக்கூலி வாங்கும் குடும்பம் சிவில் கோர்ட்டுப் படி ஏறுவது அவ்வளவு லேசா?

ஏழைக்கு என்ன வழி?

லேசு இல்லைதான். ஆனாலும் வழி இருக்கிறது. கல்லை எடுப்பதற்கு முன்பு தெரிந்துகொள்ள வேண்டிய வழிகள் இவை.

முதலில் கேட்டு வாங்க வேண்டியது காகிதம். சிகிச்சைச் சீட்டு, மருந்துச் சீட்டு, பரிசோதனை அறிக்கை ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். ஊசி என்றால் தேதியும் இடமும் எழுதிய அட்டை வேண்டும். காகிதம் இல்லாத வழக்குக்குக் கால் இல்லை.

பணம் கொடுத்து வைத்தியம் பார்த்த இடமானால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் செய்யலாம். கட்டிய தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. டாக்டர்களின் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. எல்லாருக்கும் இலவசமாக வைத்தியம் செய்யும் ஆஸ்பத்திரிக்கு இது பொருந்தாது.

அப்படியானால் அரசு ஆஸ்பத்திரி? அதற்கு சிவில் கோர்ட்டும் ஹைகோர்ட்டும் இருக்கின்றன. மராட்டிய மாநிலத்தில் 1963-ல் அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தார்கள். வயிற்றுக்குள் துண்டு ஒன்றை மறந்து வைத்துவிட்டார்கள். அவர் இறந்தார். ஊழியர் செய்த தவறுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த ஆண்டு 1996. நியாயம் கிடைக்க 33 ஆண்டு ஆயிற்று. ஆனால் அந்தத் தீர்ப்பு இன்று மற்றவர்களுக்கு வழி காட்டுகிறது.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட கோர்ட்டு வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தும் கேட்கலாம்.

டாக்டரின் நடத்தை பற்றி மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். கவுன்சில் விசாரித்து, அவருடைய பெயரைப் பதிவிலிருந்து நீக்கவும் முடியும்.

இவை எல்லாம் குடையைக் கிழிக்கும் வழிகள் அல்ல. குடைக்குள் இருப்பவர் யார் என்று பார்க்கும் வழிகள்.

இரண்டு பேருக்கும் ஒரு குடை

மறுபடியும் அந்தப் பள்ளிக்கூடத் திண்ணை.

அம்மாள் கேட்ட கேள்விக்கு நர்சு என்ன பதில் சொல்லலாம்?

"ஆயா, நான் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்கிறேன். தேதி பார்த்து, புது ஊசி எடுத்து, உன்னை அரை மணி நேரம் பக்கத்திலே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். நேர்மையாகச் செய்கிற வரைக்கும் சட்டம் எனக்குத் துணை. நான் அலட்சியமாக இருந்தால் கேட்க உனக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை யாரும் பிடுங்கவில்லை."

அம்மாள் என்ன சொல்லலாம்?

"அது போதும் நர்சம்மா. மறைக்காமல் சொல்லிவிட்டாய் பார், அதுவே பாதித் தைரியம்."

சட்டம் எழுதுகிறவர்கள் நர்சின் குடையை இன்னும் கொஞ்சம் அகலமாக்கலாம். யார் குற்றம் என்று கேட்காமல், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு உடனே உதவ ஒரு நிதி ஏற்படுத்தலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதம் அல்ல. நஷ்டஈடு நிச்சயம் என்று தெரிந்தால் ஊரார் நர்சின் மீது பாயமாட்டார்கள். ஊரார் பாயமாட்டார்கள் என்று தெரிந்தால் நர்சும் தவறு நேர்ந்தபோது மறைக்கமாட்டார். முல்கோவாலில் இடுக்கி கீழே விழுந்ததை அன்றைக்கே ஒருவர் எடுத்துச் சொல்லியிருந்தால் அந்தப் புட்டியை ஒதுக்கியிருக்கலாம். 19 உயிர்கள் தப்பியிருக்கும்.

அடுத்த கொள்ளை நோய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது, தோளில் பெட்டியோடு முதலில் தெருவுக்கு வரப்போகிறவர் அந்த நர்சுதான்.

அவருக்கு ஒரு குடை வேண்டும். அந்தக் குடையில் அம்மாளுக்கும் கொஞ்சம் இடம் வேண்டும்.